கையில் 9 லட்சம் இருக்கிறது: திருச்சியில் முதல் மனை எதைப் பார்த்து வாங்குவது?

துவாக்குடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 31. துவாக்குடியில் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. இருவரும் சேர்த்து வைத்தது 9 லட்சம். கடன் எதுவும் இல்லை. இப்போதைக்கு வீடு கட்டும் எண்ணமும் இல்லை. ஐந்தாறு வருடம் போட்டு வைத்து, விலை ஏறினால் விற்று, அந்தப் பணத்தில் ஊருக்குள் ஒரு வீடு வாங்கலாம் என்பதுதான் கணக்கு.

மூன்று யோசனைகள் இருக்கின்றன.

முதலாவது, மதுரை ரோட்டில் பஞ்சப்பூர் தாண்டி உள்ளே ஒரு லேஅவுட். 1,200 சதுர அடி, சதுர அடி 850 ரூபாய், ஆக 10.2 லட்சம். ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டுக் காட்டினார்கள். புது பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது, மூன்று வருடத்தில் இரட்டிப்பு நிச்சயம் என்கிறார்கள். டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறதாம், ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) அப்ளை பண்ணியிருக்கிறார்களாம். இந்த வாரமே 50,000 அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு கிராம் தங்கக் காசு தருவார்களாம்.

இரண்டாவது, லால்குடி பக்கம் ஒரு கிராமத்தில் 6 சென்ட். சென்ட் ஒரு லட்சம். நிலத்துக்காரர் வெளியூரில் இருக்கிறார், அவரிடம் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார். இடம் பச்சைப்பசேலென்று நன்றாக இருக்கிறது.

மூன்றாவது, மச்சான் சொல்வது. 9 லட்சத்தை முன்பணமாகப் போட்டு, லோன் வாங்கி ஒரு அடுக்குமாடி வீடு (பிளாட்) எடுத்து வாடகைக்கு விடு, வாடகையே இஎம்ஐ கட்டிவிடும் என்கிறார்.

எதில் இறங்கலாம்? முதல் முறை என்பதால் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லும் சங்கிலியும்:

தம்பி, நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். திருச்சி மாவட்டத்தில் நான் சங்கிலி போட்டு அளக்காத பிர்க்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) குறைவு. விலை ஏறுமா இறங்குமா என்று ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு இடத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மனை வாங்க வருபவர்களில் பாதிப் பேர் இடத்தை மட்டும் பார்க்கிறார்கள். மீதிப் பேர் பத்திரத்தை மட்டும் வக்கீலிடம் காட்டுகிறார்கள். பத்திரத்தில் எழுதியிருக்கும் இடமும் காலடியில் இருக்கும் இடமும் ஒன்றுதானா என்று பார்ப்பவர் மிகக் குறைவு. சிக்கல் எல்லாம் அந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

லேஅவுட்டின் சர்வே எண்ணை உட்பிரிவோடு கேட்டு வாங்குங்கள். வெறும் '112' போதாது, '112/3ஏ' என்று வேண்டும். அரசின் இ-சேவைகள் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய கிராமப் பதிவேடு), புலப்படம் மூன்றும் கிடைக்கும். புலப்படம் என்பது நிலத்தின் அளவுகளைக் காட்டும் படம், அதைத்தான் எல்லோரும் எஃப்.எம்.பி. என்கிறார்கள். பட்டாவில் பெயர் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். புலப்படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். வேனில் வேண்டாம், உங்கள் பைக்கில், அவர்கள் யாரும் இல்லாத ஒரு நாளில்.

படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் இருக்கும். புலத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஜி-லைன் என்ற அளவுக்கோடு ஓடும், வளைவுகள் எல்லாம் அதிலிருந்து அளந்து குறித்தவை. அவ்வளவு நுணுக்கம் உங்களுக்கு வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்.

ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை ஏதாவது படத்துக்குள்ளோ ஓரத்திலோ போகிறதா? போனால் அது தரையில் இப்போது எங்கே இருக்கிறது? மணப்பாறை பக்கம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனை வாங்கியிருந்தார். பத்திரம், பட்டா எல்லாம் சுத்தம். அளந்து கொடுக்கச் சொல்லி மனுப் போட்டதால் நான் போனேன். படத்தில் இருந்த ஓடையைத் தரையில் காணவில்லை. கிராவல் அடித்து மூடி, அதன் மேலேயே கல் நட்டிருந்தார்கள். அவர் மனையில் பாதிக்கு மேல் ஓடைப் புறம்போக்கு. அந்த மனிதர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். விற்றவர்கள் அதற்குள் அலுவலகத்தையே காலி செய்திருந்தார்கள்.

அடுத்தது, வழி. லேஅவுட்டுக்குள் 30 அடி ரோடு, தார் போட்டு அழகாக இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து லேஅவுட் வாசல் வரைக்குமான அந்தத் துண்டு யாருடையது? அதன் சர்வே எண்ணையும் தேடுங்கள். அ-பதிவேட்டில் 'வண்டிப்பாதை' என்றோ 'சாலை' என்றோ இருந்தால் சரி. தனியார் பட்டாவாக இருந்தால் என்றைக்காவது ஒருநாள் குறுக்கே வேலி வரும். உங்களிடம் வாங்க வருபவரின் வங்கியும் முதலில் அதைத்தான் கேட்கும்.

மூன்றாவது, தண்ணீர். நீங்கள் சொல்லும் பக்கம் கோரையாறு ஓடுகிறது. வெயில் காலத்தில் எந்த இடமும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் மழைக்குப் பிறகு போய் நில்லுங்கள். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்றால், பக்கத்தில் ஆடு மேய்ப்பவரிடமோ டீக்கடையிலோ கேளுங்கள். தண்ணீர் எங்கே நிற்கும், எத்தனை நாள் நிற்கும் என்று சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்வார்கள்.

அ-பதிவேட்டைத் தொட்டதால் இன்னொன்று. அதில் வகைப்பாடும் குறிப்பும் இருக்கும். 1892-க்குப் பிறகு பட்டியல் சமூகத்து மக்களுக்கென்று நிபந்தனையோடு ஒதுக்கிய பஞ்சமி நிலம், கோவில் நிலம், வக்பு நிலம், ஏரிப் புறம்போக்கு இவற்றில் எதன் சாயல் தெரிந்தாலும் விலகிவிடுங்கள். பஞ்சமி நிலத்தை வாங்குவது செல்லாது என்பது மட்டுமில்லை, அது இன்னொருவரின் வயிற்றில் அடிப்பது. 1980களில் யூ.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) நடந்தபோது பட்டாவில் பெயர் மாறி ஏறிய இடங்களும் நிறைய உண்டு. அதனால் இப்போதைய பட்டாவை மட்டும் நம்பாமல் அதற்கு முந்தைய பதிவேட்டோடும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் முதல் யோசனைக்கு வருகிறேன். 'ரெராவுக்கு அப்ளை பண்ணியிருக்கிறோம்' என்ற பேச்சே தவறு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் பதிவு எண் கிடைக்கும் முன் விளம்பரம் செய்யவோ அட்வான்ஸ் வாங்கவோ சட்டம் இடம் தரவில்லை. பதிவான பிறகும், ஒப்பந்தப் பத்திரம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எண் வந்த பிறகு அதைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே ஏற்றியிருக்கும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, பூங்கா என்று காட்டிய இடத்தில் யாராவது மனை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். டிடிசிபி அப்ரூவல் என்றால் ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பத்திர எண்ணைக் கேளுங்கள். ஒழுங்கான ஆட்கள் கேட்டவுடன் கொடுப்பார்கள்.

இரண்டாவது யோசனை வேண்டவே வேண்டாம் என்பேன். 6 சென்ட் என்பது ஏறத்தாழ 2,613 சதுர அடி. விவசாய நிலத்தை அளவு பிரித்துச் சென்ட் கணக்கில் விற்பது, அங்கீகாரம் இல்லாத மனையை வேறு பெயரில் விற்பதுதான். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானதற்குத்தான் வரன்முறை (பின்னால் அங்கீகாரம் பெறுவது) உண்டு. அதற்குப் பிறகு பிரித்ததற்கு வழி அடைப்பு. லால்குடி பக்கம் பச்சை என்றால் அது நஞ்சை. நஞ்சையை மனையாக்குவது லேசில் நடக்கிற காரியமில்லை. கட்டட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடன் கிடைக்காது, அதனால் உங்களிடம் வாங்கவும் ஆள் வராது. பவர் பற்றி நமது கோர்ட் வாசல் தம்பி சொல்லட்டும்.

உறையூர் வீட்டுக்காரி:

சர்வேயர் அண்ணன் இடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். வாடகைக்கு விட்டுப் பழகியவள் நான்.

உங்கள் மச்சான் சொல்வதை எழுதிப் பாருங்கள். 45 லட்சத்துக்கு ஒரு பிளாட். 9 லட்சம் நீங்கள் போட்டால் 36 லட்சம் கடன். 8.5 சதவீத வட்டிக்கு 20 வருடம் என்றால் மாதம் 31,200 ரூபாய் சொச்சம். அந்த மாதிரி வீட்டுக்கு 12,000 வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் 19,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வீடு காலியாக இருக்கும் மாதங்களில் முழுசும் போகும். பராமரிப்பு, வீட்டு வரி, ஆள் மாறும்போது பெயின்ட் எல்லாம் தனி. பதிவுச் செலவுக்கே உங்களிடம் பணம் மிஞ்சாது. குடியிருக்கப் போகிற வீட்டுக்குக் கடன் வாங்குவது வேறு விஷயம், அதில் வாடகை மிச்சம். முதலீடாக, உங்கள் கையிருப்புக்கு, இது கழுத்தைப் பிடிக்கும்.

மனைக்கும் கணக்கு உண்டு தம்பி. 10.2 லட்சம் மனை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், அதுவே 92 ஆயிரம். வக்கீல், பத்திரம் எழுதுபவர், கல் நடுவது எல்லாம் சேர்த்து 11.3 லட்சம் போய்விடும். அதே பணத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் ஐந்து வருடத்தில் 15.85 லட்சம். அதாவது இன்றைக்கு 850-க்கு வாங்கும் மனையை ஐந்து வருடம் கழித்து 1,320-க்கு விற்றால்தான் வங்கியில் போட்டதற்கு ஈடு. அதற்கு மேல் வந்தால்தான் லாபம். மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்றால் வருடம் 26 சதவீதம் ஏற வேண்டும். அவ்வளவு நிச்சயம் என்றால் அவர்கள் ஏன் வேன் வைத்து ஆள் பிடிக்கிறார்கள்?

பஸ் ஸ்டாண்ட் விஷயம். பஞ்சப்பூர் முனையம் 2025-ல் திறந்துவிட்டது. அப்படியென்றால் அந்த எதிர்பார்ப்பு ஏற்கெனவே 850-க்குள் இருக்கிறது. அறிவிப்பை நம்பி வாங்குபவர்கள் மதுரை தோப்பூரை நினைத்துக்கொள்ளுங்கள். எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தச் சூட்டில் வாங்கியவர்கள் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேளுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது. பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரலில் இருந்து. சதுர அடிக்கு 20 ரூபாய் பேசிக் குறைத்தால் 9.96 லட்சம் ஆகிவிடும். மனைவி பெயரில் பதியலாம். 24,000 விலையில் மிச்சம், ஏறக்குறைய பத்தாயிரம் கட்டணத்தில் மிச்சம். நிஜமாகப் பேசிக் குறையுங்கள், பத்திரத்தில் மட்டும் குறைத்து எழுதச் சம்மதிக்காதீர்கள். மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்பார்கள். நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அப்புறம், குறைத்து எழுதினால் நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் லாபமாகக் கணக்காகி வரி விழும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 9 லட்சத்தையும் இதில் முடக்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்காவது கையில் இருக்கட்டும். மனையை ஆத்திர அவசரத்துக்கு விற்க முடியாது. விற்றால் கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். குறையும் தொகைக்குப் பர்சனல் லோன் எடுக்கிற பேச்சே வேண்டாம்.

கோர்ட் வாசல்:

சர்வேயர் ஐயா என்னை இழுத்துவிட்டார். வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா நான். பவர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. அதனால்தான் பதிவின்போது உயிர்ச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்றை மட்டும் நம்பாமல் நிலத்துக்காரரிடம் நீங்களே வீடியோ காலிலாவது பேசுங்கள். விலை எவ்வளவு, பணம் யாருக்குப் போகிறது என்று அவர் வாயால் கேளுங்கள். பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று வில்லங்கச் சான்றில் (அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பாருங்கள். பவரை வைத்துக்கொண்டே இடம் எனக்குச் சொந்தம் என்று யாராவது சொன்னால், 2011-லேயே உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். குறைந்தது 30 வருடம் போடுங்கள். பத்திர எண்ணை வைத்து மட்டும் பார்க்காமல் சர்வே எண்ணை வைத்தும், பழைய சர்வே எண் இருந்தால் அதை வைத்தும் பாருங்கள். 'வில்லங்கம் நில்', அதாவது எதுவும் இல்லை என்று வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. நிலுவையில் உள்ள வழக்கு அதில் வராமல் போகலாம். உயில் வராது, பதிவு செய்த உயில்கூட வராது. அது பதிவாவது வேறு புத்தகத்தில்.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் வழக்குகளில் அதிகம் அக்கா தங்கைகள் தொடுப்பது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றிருப்பார்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மகள்கள், பாட்டி உயிரோடு இருந்தால் அவரும். யாராவது 18 வயதுக்குக் கீழே என்றால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை வாங்காதீர்கள். அந்தப் பிள்ளை மேஜரானதும் வந்து கேட்கலாம். லேஅவுட் நிலம்தானே என்று விடாதீர்கள். லேஅவுட்டும் ஒரு குடும்பத்திடம் வாங்கிய வயல்தான். மூலப்பத்திரம் வரை பின்னால் போய்ப் பாருங்கள்.

கருத்துரை கேட்கும் வக்கீல் உங்கள் ஆளாக இருக்கட்டும். லேஅவுட் போட்டு விற்கும் புரமோட்டர் கொடுக்கும் 'லீகல் ஒப்பினியன்' ஜெராக்ஸ் அவர் நலத்துக்காக எழுதியது.

துவாக்குடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. லால்குடியை விட்டுவிட்டேன், மச்சானிடமும் கணக்கைக் காட்டிவிட்டேன். அக்கா சொன்னபடி மனைவி பெயரில் 830-க்குப் பேசிப் பார்த்தேன், யோசிக்கிறேன் என்றார்கள்.

சர்வேயர் ஐயா, புலப்படம் எடுத்துக்கொண்டு பைக்கில் போனேன். உள்ளே ஓடை எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்த வாசல் துண்டு, ஏறத்தாழ 40 மீட்டர், பட்டாவில் வேறொருவர் பெயரில் இருக்கிறது. கேட்டால் 'அவர் நம்ம பார்ட்னர்தான் சார், பிரச்சினை இல்லை' என்கிறார்கள். ரெரா எண் அடுத்த மாதம் வந்துவிடுமாம். இடம் மனதுக்குப் பிடித்திருக்கிறது. என்ன செய்யலாம்?

கல்லும் சங்கிலியும்:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. நீங்களாகவே கண்டுபிடித்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

பார்ட்னர் என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. அந்த 40 மீட்டரும் சேர்த்துத் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகியிருந்தால் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் எழுதி வாங்கி, அந்தத் துண்டின் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அதில் வந்திருக்க வேண்டும். பட்டா மாறத் தாமதமாகலாம், அதனால் பழைய பெயரே இருப்பதை வைத்து மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அப்ரூவல் வரைபடத்திலும் அந்தத் துண்டு சிவப்பு எல்லைக் கோட்டுக்குள் இருக்கிறதா, இல்லை 'தற்போதுள்ள சாலை' என்று வெளியே காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியே காட்டியிருந்து, பட்டா தனியார் பெயரில் இருந்தால், அந்த அப்ரூவலே கேள்விக்குரியது. டிடிசிபி மாவட்ட அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கலாம், சொல்வார்கள்.

தானப் பத்திரம் இல்லை என்றால் எழுதிவிட்டு வரச் சொல்லுங்கள். ரெரா எண் வரும் வரை எப்படியும் நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும், அதற்குள் எழுத அவர்களுக்கு நேரம் இருக்கிறது. அதுவரை 50,000 இல்லை, 500 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாகிப் பதிவு செய்தால், உட்பிரிவோடு பட்டா மாறுதலுக்கு உடனே மனுக் கொடுங்கள். கட்டணம் கட்டி சர்வேயரை வரவழைத்து நான்கு மூலையையும் அளந்து கல் நடுங்கள். சும்மா கிடக்கும் மனையில் சீமைக் கருவேலம் இரண்டு மழைக்குள் ஆள் உயரம் வந்துவிடும், கல் இருக்கும் இடமே தெரியாது. மூலைக் கல் ஒவ்வொன்றையும் பக்கத்தில் தெரியும் மின்கம்பமோ கல்வெர்ட்டோ ஏதாவது ஒரு நிலையான அடையாளத்திலிருந்து அளந்து, அந்த அளவுகளை எழுதிப் பத்திர நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும் நாளில் முடிந்தால் போன் செய்யுங்கள், நானும் வருகிறேன். நம்பர் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.